முகாமா, கணக்கெடுப்பா, ஊர்க்குளமா?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோவையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் மாநில எல்லையில் உள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் வருகிறேன். நாற்பதைக் கடந்தபின் சூழலியல் கற்க ஆசை வந்தது. நான்கு வருடத்தில் மூன்று வழியும் பார்த்தாகிவிட்டது: காசு கட்டிப் போகும் முகாம், வனத்துறையின் காட்டுயிர்க் கணக்கெடுப்பில் தன்னார்வலர் வேலை, ஊர்க்குளத்தின் கரையில் வாரம் ஒரு மணி நேரம். இரண்டு வருட முழுநேரப் பட்டப்படிப்புகளை இதில் சேர்க்கவில்லை. வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவனுக்கு அந்தப் பேச்சு எதற்கு?

முதலில் போனது முகாம். நான்கு நாள், சைலன்ட் வேலிக் காட்டை ஒட்டிய ஓர் இடம், இருபது பேருக்கு ஓர் ஆசிரியர். முறைகளைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. காட்டுக்குள் நேர்கோட்டில் நடந்து விலங்குகளை எண்ணும்போது, ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஏன் குறிக்கச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புத்தகத்தில் விளங்கவே இல்லை. அங்கே நடந்தபோதுதான் புரிந்தது. தூரம் கூடக்கூட நம் கண்ணுக்குத் தப்புவதும் கூடும். அப்படித் தப்பியவற்றையும் கணக்கில் பிடிக்கத்தான் அந்தத் தூரம்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. மேற்குத்தொடர்ச்சி மலைக்கு நடுவே இடைவெளியாகக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். வடக்கே நீலகிரியின் சோலையில் (மலையுச்சிக் காட்டில்) வாழும் சின்ன நீலப் பறவையும், தெற்கே ஆனைமலைச் சோலையில் வாழும் அதன் சாயல் கொண்ட பறவையும் வெவ்வேறு இனங்கள். இந்தச் சமவெளியைத் தாண்ட முடியாமல் பிரிந்து போனவை. நான் தினமும் பைக்கில் போய்வரும் சமவெளி அது!

குறை என்னவென்றால், முகாம் காட்டுவது ஒரே ஒரு பருவத்தை. வெடிப்பலா மரத்தைக் காட்டி, சிங்கவால் குரங்குக்கு முக்கிய உணவு என்றார்கள். மரத்தில் காயும் இல்லை, குரங்கும் இல்லை. எண்பது பெயர்கள் எழுதிக்கொண்டு வந்தேன், தீபாவளிக்குள் பதினைந்துதான் மிச்சம். கட்டணமோ, வீட்டில் இரண்டு முறை விளக்கம் சொல்ல வேண்டிய அளவு.

கணக்கெடுப்புக்குப் போனது பறம்பிக்குளம். பாலக்காடு மாவட்டத்துக் காடுதான், ஆனால் சாலை வழி சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான். எனக்குப் பேருந்துச் செலவைத் தவிர வேறு செலவில்லை. காட்டுக்குள் காவல் முகாமில் தங்கல், கஞ்சியும் பயறும், விடிந்ததும் நடை. உண்மையான ஆசிரியர் உடன்வந்த வாட்சர், மலசர் சமூகத்துக்காரர். நான் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். "மேல அப்புறம் பாக்கலாம் சார், மொதல்ல கீழ பாருங்க" என்றார். ஒரு பெருமரத்தடியில் அத்திவிதையும் எச்சமும் குவிந்து கிடந்தன. இருவாச்சியின் பெண் பறவை பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும், ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்தக் குப்பையே கூட்டின் முகவரி. கேரளத்து வாழச்சால் காட்டில் காடர் பழங்குடி மக்கள் இருவாச்சிக் கூடுகளைப் பல வருடங்களாகக் கண்காணிப்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். அது எப்படி முடிகிறது என்பது அந்த மரத்தடியில்தான் விளங்கியது.

ஆனால் கணக்கெடுப்பு நமக்காக நடப்பதில்லை. படிவம் நிரப்புகிற கை நாம். "ஏன்" என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. தேதியும் அவர்கள் வைப்பதுதான். என்னை இரண்டாம் முறை கூப்பிட்டது மார்ச் மாதக் கடைசியில். கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவனுக்கு மார்ச் கடைசியில் லீவு கிடைக்குமா? இவ்வளவு இருந்தும் இதைக் குறைத்துப் பேச மாட்டேன். 2015 முதல் 2020 வரை மழைக்காலம், வறட்சிக்காலம் என்று மாநிலம் முழுக்கச் சுற்றிக் கேரளப் பறவை வரைபடத்தை உருவாக்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் உழைப்பு இருக்கிறது.

மூன்றாவது, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள பனைமரக் குளம். ஞாயிறு காலை ஆறரைக்குப் போய், பார்த்த பறவைகளை ஈபேர்ட் செயலியில் ஏற்றுவேன். கரையில் நிற்கும் கொன்றையை, மரங்களின் பருவமாற்றத்தைப் பதியும் சீசன்வாட்ச் திட்டத்துக்காகக் கவனிக்கிறேன்: இலை, பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று. அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் ஒன்றும் புரியவில்லை, சலிப்பு வேறு. ஒரு வருடம் முடிந்த பிறகுதான் குளம் வாய் திறந்தது. தண்ணீர் ததும்பினால் முக்குளிப்பானும் நாமக்கோழியும். வற்றினால் சேற்றில் சிக்கிய மீனுக்குக் கொக்குகள். சரி, இது யாரும் ஊகிக்கக்கூடியது. மழையே இல்லாத ஒரு மாதத்தில் குளம் திடீரென்று நிறைந்து, கொக்குகள் மாயமானதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஆழியாறு வழியாகத் திறந்த தண்ணீர் மூலத்தறைக் கால்வாயில் வந்திருந்தது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு வருடம் 7.25 டிஎம்சி. அது எப்போது வரும் என்பதைப் பொறுத்தே என் குளத்தில் எந்தப் பறவை இறங்கும் என்பதும். நான்கு நாள் முகாமில் இதைப் பார்த்திருக்கவே முடியாது.

வேலையில் இருக்கிறவர்களுக்கு நேரம் இல்லை என்று புலம்புகிறோம். ஒரே ஊரில் வருடக்கணக்காக இருக்கும் வசதி எந்த மாணவருக்கு உண்டு?

ஆகவே என் வரிசை இது. முதல் வருடம் குளம். அதில் நாற்பது பறவையாவது பழகிய பிறகு கணக்கெடுப்புக்கு விண்ணப்பியுங்கள், முன் அனுபவம் கேட்டால் காட்டப் பட்டியல் இருக்கும். முகாம் கடைசியில், கேட்க உங்களிடம் கேள்விகள் சேர்ந்த பிறகு. நான் நேர்மாறாகப் போனதால்தான் அந்த வெடிப்பலாவுக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கையில் காசு உறுத்தினால் முதலில் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். அது மூன்று வழிக்கும் உதவும்.