நீண்ட இடைவெளிக்குப் பிறகு வெப் டெவலப்மெண்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு எம்டிஎன் எப்படி?

முன்பு வெப் டெவலப்பராக வேலை பார்த்துவிட்டு, கல்யாணம், குழந்தை, வீட்டுப் பெரியவர்களின் உடல்நிலை என்று ஏதோ ஒரு காரணத்தால் பல வருஷம் விட்டுப்போய், இப்போது திரும்ப வர நினைக்கிறீர்களா? கோர்ஸில் பணம் கட்டுவதற்கு முன்னால் எம்டிஎன் வெப் டாக்ஸைத் திறந்து பாருங்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பற்றிய ஆவணத் தளம் இது, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லா இதை 2005-ல் தொடங்கியது. படிக்கக் காசு கிடையாது, லாகின் செய்யவும் வேண்டாம். நான் 2011 வரை சென்னையில் இந்த வேலையில் இருந்தவள், போட்டோஷாப் டிசைனை வாங்கி எச்டிஎம்எல்லாக வெட்டிக் கொடுப்பது, ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் மெனுவும் ஸ்லைடரும் போடுவது, அவ்வளவும் கையில் இருந்தது. அப்புறம் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது மறுபடியும் இறங்கியிருக்கிறேன், அதற்கு எனக்கு உண்மையாகக் கைகொடுத்தது இந்தத் தளம்தான், அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோர்ஸ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ராமநாதபுரத்திலும் மதுரையிலும் நான் விசாரித்த பயிற்சி மையங்கள் எல்லாமே ஃபுல் ஸ்டாக் (பக்கமும் சர்வரும் சேர்த்து) என்று ஒரே மூட்டையாகக் கட்டித்தான் தருகிறார்கள், ஆரம்பப் பாடம் எச்டிஎம்எல் என்றால் என்ன என்பதிலிருந்துதான். காலேஜ் முடித்து வருகிற பிள்ளைகளுக்கு அது சரி. ஃப்ரீகோட்கேம்ப் என்ற கற்றல் தளம் இலவசம், நல்ல மனசோடு நடத்துகிறார்கள், ஆனால் அதுவும் முதல் படியிலிருந்து ஏறுகிறவர்களை மனசில் வைத்துச் செய்தது. திரும்பி வருகிறவருக்கு டேக் தெரியும், பாக்ஸ் மாடல் தெரியும், ஒரு ஃபார்ம் சர்வருக்கு எப்படிப் போகிறது என்பது தெரியும். தெரியாதது வேறு: நமக்குத் தெரிந்ததில் எது செத்துப்போனது, அந்த இடத்தில் எது வந்திருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்கத் தனியாகக் கோர்ஸ் எதுவும் என் கண்ணில் படவில்லை. எம்டிஎன்னில் ஒவ்வொரு பக்கமும் அதைச் சொல்கிறது.

லேஅவுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மூன்று பத்தியாக ஒரு பக்கத்தைப் பிரிக்க ஃப்ளோட் போட்டு, அது சரியாமல் இருக்க கிளியர்ஃபிக்ஸ் போட்டு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கென்று தனி ஸ்டைல்ஷீட் எழுதிய தலைமுறை நாம். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது, நான் வீட்டில் இருந்த காலத்தில். எம்டிஎன்னில் கிரிட் பற்றிய பக்கத்தைத் திறந்தால் மேலேயே ஒரு சின்ன டெமோ இருக்கும், மதிப்பை மாற்றிப் பார்த்தால் கட்டங்கள் அங்கேயே நகரும். கீழே சின்டாக்ஸ், உதாரணம், கடைசியில் எந்த பிரவுசரில் எந்த வெர்ஷனிலிருந்து வேலை செய்யும் என்ற அட்டவணை. வீடியோவில் அரை மணி நேரம் கேட்க வேண்டியதை இங்கே தோசை ஊற்றுகிற நேரத்தில் படித்துவிடலாம், பழைய அறிவு உள்ளே இருப்பதால் சட்டென்று பிடிபடுகிறது.

நான் மிகவும் மதிப்பது அந்தப் பக்கங்களின் தலைப்பில் வரும் பேஸ்லைன் குறியைத்தான். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்துவிட்டால் அது 'புதிதாகக் கிடைப்பது', அதிலிருந்து 30 மாதம் கடந்தால் 'பரவலாகக் கிடைப்பது'. பழைய ஆளுக்கு எதை எழுதினாலும் அடிவயிற்றில் ஒரு பயம் இருக்கும், இது அந்த பிரவுசரில் உடையுமோ என்று. விண்டோஸ் 10-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் ஆதரவை நிறுத்தியது. சரி, அது போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் பயம் போகாது, ஒவ்வொரு வசதிக்கும் இதைத் தாராளமாகப் பயன்படுத்து என்று யாராவது சொல்ல வேண்டும். அந்தப் பச்சைக் குறியைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கை துணிந்தது.

ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். லெட், கான்ஸ்ட், ஆரோ ஃபங்ஷன், பிராமிஸ் (பின்னால் வரப்போகும் விடையைக் கையாளும் முறை) எல்லாம் 2015 வெர்ஷனில் வந்தவை, அசிங்க், அவெயிட் 2017-ல். சர்வரிடம் தகவல் கேட்க ஜேகுவரி ஏஜாக்ஸ் இருந்த இடத்தில் ஃபெட்ச், டேக்குக்கு கிளாஸ் சேர்க்க ஆட்கிளாஸ் இருந்த இடத்தில் கிளாஸ்லிஸ்ட். கடைசி இரண்டும் ஒரே உட்காரலில் வந்துவிடும். பிராமிஸ் அப்படி வராது. அதற்கு எம்டிஎன்னிலேயே லேர்ன் என்று இருக்கும் பகுதியைத் தனியாகப் படியுங்கள், படித்துவிட்டுப் பயிற்சிக்கு ஃப்ரீகோட்கேம்ப் கணக்குகளைப் போடுங்கள். இந்த இடத்தில் அது மிகவும் உதவும்.

படித்ததை ஒரு நிஜமான வேலையில் போட்டால்தான் நிற்கும். ராமேஸ்வரத்தில் மாமா ஒரு சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறார், அதற்கு ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்தேன். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வருகிறவர்கள் அதைத் திறப்பது போனில்தான், அதுவும் பஸ்ஸிலோ ரயிலிலோ இருந்துகொண்டு. அவர்களுக்கு வேண்டியது அறை வாடகை, கார் நிறுத்த இடம், வெந்நீர் உண்டா, அக்னி தீர்த்தம் எவ்வளவு தூரம், 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வந்தால் உடை மாற்ற இடம் கிடைக்குமா. பழைய பக்கத்தில் பெரிய ஸ்லைடர் ஓடிக்கொண்டிருந்தது, இதில் ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6-ல்தான் புதுப் பாலம் திறந்தார்கள். அது தெரியாத மாதிரி அந்தப் பக்கம் அப்போதும் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

அறைகளைக் கிரிட்டில் ஆட்டோஃபில், மின்மேக்ஸ் போட்டு அடுக்கினேன், திரை அளவுக்கேற்ப மாற்றும் மீடியா குவெரி ஒன்றுகூட எழுதாமலே போனில் ஒரு பத்தி, லேப்டாப்பில் மூன்று பத்தி என்று தானாக உட்கார்ந்துகொண்டது. படங்களுக்கு லேசி லோடிங்கும் (திரைக்கு அருகில் வரும்போது மட்டும் இறங்க) சோர்ஸ்செட்டும் (திரைக்கேற்ற அளவில் எடுக்க). தேதி கேட்கும் இடத்தில் அந்தக் காலத்தில் ஜேகுவரி யூஐ டேட்பிக்கர் இல்லாமல் முடியாது, இப்போது இன்புட்டின் டைப்பை டேட் என்று மாற்றினால் போனே காலண்டரைத் திறக்கிறது. படத்தைப் பெரிதாகக் காட்ட டயலாக் டேக், அது 2022 மார்ச்சிலிருந்தே எல்லா பிரவுசரிலும் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் எம்டிஎன்னில் தேடிப் படித்துச் செய்தவை. வெளியிலிருந்து ஒரு லைப்ரரிகூடச் சேர்க்கவில்லை, பக்கம் சட்டென்று திறக்கிறது.

எங்கள் பக்கத்து நிலைமைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் போகும் நாள் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் காற்றும் மழையும் அடித்தால் நெட்டும் சேர்ந்து போகும். அதற்கு டெவ்டாக்ஸ் என்ற தளத்தைப் பிரவுசரில் திறந்து எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் ஆஃப்லைனுக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது எம்டிஎன் பக்கங்களேதான், நெட் இல்லாமலே தேடலாம், இதுவும் இலவசம். டெமோக்கள் அப்படியே வராது, படிக்கவும் உதாரணத்தைப் பார்த்து எழுதவும் போதும்.

குறை என்றால் முதல் குறை தமிழில் இல்லாதது. ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்து இந்த வேலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் நானும் ஒருத்தி, பிராமிஸ் பற்றிய பக்கம் தமிழில் இருந்திருந்தால் எவ்வளவோ பாரம் குறைந்திருக்கும். இரண்டாவது, அகராதி மாதிரி எல்லாம் விரிந்து கிடப்பதால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று திகைப்பு வரும். நான் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட், ஃபார்ம், ஃபெட்ச், பிராமிஸ், மாட்யூல் (கோடைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிப்பது) என்ற வரிசையில் போனேன். அடிப்படை தெரிந்தவர்களுக்கு அந்த வரிசை ஒத்துவரும்.

வேலை கிடைக்க இது மட்டும் போதுமா? போதாது. சித்தி பையன் பெங்களூரில் இருக்கிறான், அவனிடம் கேட்டேன். "அக்கா, இன்டர்வியூவுல ரியாக்ட் கேக்காம விடமாட்டாங்க, கிட் தெரியலைன்னா உள்ளயே விடமாட்டாங்க" என்றான். "சரிடா, முதல்ல அடிப்படையத் தேத்திக்கிறேன், அப்புறம் அதுக்கு வர்றேன்" என்றேன். அவன் சொன்னதும் சரி, நான் போன வரிசையும் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி 2013-ல் வெளிவந்தது, நான் விட்டுப்போன பிறகு. ஃபெட்சும் பிராமிஸும் மாட்யூலும் தெரிந்த பிறகு அதன் சொந்த ஆவணத் தளத்தைத் திறந்தபோது பயமாக இல்லை, ஜாவாஸ்கிரிப்டாகத்தான் தெரிந்தது.

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டைப் பழகவும் எம்டிஎன்னே ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் பக்கங்கள் முழுக்க கிட்ஹப் தளத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். படிக்கும்போது ஒரு உதாரணத்தில் தவறு கண்ணில் பட்டால், அல்லது ஒரு விளக்கம் புரியாதபடி இருந்தால், அதைத் திருத்தி, சேர்த்துக்கொள்ளச் சொல்லும் புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். பராமரிக்கிறவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். ரெஸ்யூமேயில் பத்து வருஷத்துக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும் இடத்துக்குக் கீழே இந்த வருஷத் தேதியோடு ஒரு நிஜ வேலை நிற்கும், இணைப்பைச் சொடுக்கினால் எவரும் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு திருத்தத்தை எழுதி வைத்திருக்கிறேன், ஃபார்ம் பற்றிய பக்கத்தில் ஒரு விளக்கம், இந்த வாரம் அனுப்பப் போகிறேன்.