42 இருக்கும்போது 45 எதற்கு?

என்னிடம் இருப்பது ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2. 2015இல் வந்த கமரா, 16 மெகாபிக்சல், இன்றைய கணக்கில் கிழடு. கூடவே வந்த 14-42 மிமீ லென்ஸ் (இந்த எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) வெறும் 93 கிராம், கமராவை நிறுத்தியதும் ஆமை தலையை இழுப்பதுபோல் உள்ளே போய்விடும். இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் அரைக் கிலோ வராது. வேலைக்குக் கொண்டுபோகும் பையில் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும், இருப்பதே தெரியாது. இந்தச் சின்ன உருவத்துக்காகத்தான் இதை வாங்கினேன் என்பதால் இரண்டாவது லென்ஸ் இதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் மட்டும் ஆரம்பத்தில் இருந்தே பிடிவாதம்.

மற்ற எதிலும் தெளிவில்லை. கொழும்பில் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போய் 45 மிமீ எஃப் 1.8 லென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என் கமராவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்களிட்ட 42 வரைக்கும் இருக்குத்தானே, மூண்டு மில்லிமீட்டருக்கு ஏன் காசைக் கொட்டுறீங்கள்? 40-150 எடுங்கோ, தூரத்தில இருக்கிறதெல்லாம் கிட்ட வரும்” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில்தான் என்னிடம் இல்லை. யோசித்துவிட்டு வாறன் அண்ணை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு றோலும் பிளேன்டீயும் அடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அன்றிரவு செய்த வேலைதான் உண்மையில் உதவியது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்று கமரா எழுதி வைத்திருக்கும், கணினியில் அதை வைத்து வரிசைப்படுத்திப் பார்க்கலாம். என்னுடையதில் பாதிக்கு மேல் 42! முதலில் கடைக்காரர் சொன்னதுதான் சரி, லென்ஸ் எட்டாமல்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தேன். பிறகு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் அதில் தூரத்துப் பொருள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இரண்டு மூன்று மீட்டரில் இருக்கும் முகங்கள். 57ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்தில் நடந்த நூல் வெளியீடுகள், இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் அக்காவின் மகளுடைய நடனம், வீட்டில் அம்மா. எட்டாமல் போன படம் இல்லை. இருட்டில் கெட்டுப்போன படங்கள்தான் நிறைய. வெளிச்சம் போதாமல் கமராவின் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 6400க்குப் போய் பேச்சாளரின் முகத்தில் ரவை தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும், அதற்கும் மேலே மைக் பிடித்த கை அசைந்து கரைந்திருக்கும்.

இங்கேதான் 42க்கும் 45க்கும் உள்ள வித்தியாசம். 14-42இல் முழுதாகச் சூம் செய்தால் அதன் திறப்பு எஃப் 5.6க்கு மேல் விரியாது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), அதாவது வெளிச்சம் நுழையும் வாசல் 7.5 மிமீ, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. 45 எஃப் 1.8இல் அதே வாசல் 25 மிமீ. கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 6400இல் எடுத்த அதே படத்தை அதே ஷட்டர் வேகத்தில் 640இல் எடுக்கலாம், அல்லது ஐஎஸ்ஓவைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு மிச்சத்தை ஷட்டருக்குக் கொடுக்கலாம். கமராவுக்குள் கை நடுக்கத்தைத் தாங்கும் ஐந்து அச்சு ஏற்பாடு இருக்கிறதே என்பீர்கள். அது என் கை நடுங்குவதைத்தான் பார்த்துக்கொள்ளும், மேடையில் ஆடுகிற பிள்ளையை அசையாமல் நிற்க வைக்காது.

40-150ஐயும் குறை சொல்லவில்லை. 190 கிராம், அந்த நீளத்துக்கு அது அதிசயம், பேரே வாவியில் கூழைக்கடாக்களை எடுக்க ஆசைப்பட்டால் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் 40 மிமீயிலேயே அது எஃப் 4, அதாவது 45 எடுக்கும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மண்டபத்துக்குள் எனக்கு அது பழைய கதைதான். பனசொனிக் 20 எஃப் 1.7 தட்டையாக, வடிவாக இருக்கும், போகஸ் மெதுவாகத்தான் நகரும். சிக்மா 56 எஃப் 1.4 பளிச்சென்று படம் தரும், ஆனால் 280 கிராம், என் பிடிவாதத்துக்கு ஒத்துவராது. உண்மையில் தடுமாறியது ஒலிம்பஸ் 25 எஃப் 1.8இல்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

விலை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போனதில் இருந்து, புதுச் சாமான் வாங்குவது என்ற பேச்சையே எங்கள் வீட்டில் குரல் தாழ்த்தித்தான் எடுப்போம். அதனால் நான் தேடியது பாவித்த லென்ஸ். முதலில் கிடைத்தது தெஹிவளையில் ஒருவரிடம், ‘புதுசு மாதிரி’ என்று விளம்பரம் போட்டிருந்தார். ஓட்டோவுக்குக் காசு கொடுத்துப் போய், வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தபோது கண்ணாடி சுத்தமாகத்தான் தெரிந்தது. சந்தேகத்துக்குப் போன் டோர்ச்சைப் பின்பக்கத்தால் அடித்து முன்பக்கத்தால் சரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு மூலையில் சிலந்தி நூல் போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சணம். “அது தூசி தம்பி, படத்தில விழாது” என்றார். இப்போது விழாது, உண்மைதான், ஆனால் கடல் காற்றும் புழுக்கமும் உள்ள இந்த ஊரில் அது வளரும், வளர்ந்தால் கண்ணாடி மேல் பூச்சையே அரித்துவிடும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். போன ஓட்டோக் காசு போனதுதான். இரண்டாவது தேடலில் கொட்டாஞ்சேனையில் ஒரு திருமணப் படப்பிடிப்பாளரிடம் நல்லது கிடைத்தது. அவர் அதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார், அதைக் கண்டதுமே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நானும் இப்போது அப்படித்தான் வைக்கிறேன். நீல மணிகள் ரோசாவாக மாறினால் சட்டியில் போட்டு மெல்லிய சூட்டில் வறட்டி எடுப்பேன். சமைக்காத பழைய சட்டியில், அம்மாவின் கண்ணில் படாமல்.

லென்ஸ் 116 கிராம். கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும், வெள்ளி நிறம் உலோகம் போல் மின்னினாலும் வெளி உடம்பு பிளாஸ்டிக். என்னுடையதுபோல் சின்ன சென்சர் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக் கமராவில் போட்டால் பழைய பிலிம் கமராவின் 90 மிமீ பார்வை. தமிழ்ச் சங்கத்தில் இரண்டாம் வரிசையில் இருந்துகொண்டே பேச்சாளரின் தலையும் தோளும் கச்சிதமாக வருகிறது, எழுந்து முன்னால் போய் யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம் கவனியுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், சில விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை விட்டு விட்டு எரியும், சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்துவிடும். சாதாரண ஷட்டரில், 1/100 விநாடியில் எடுத்தால் தொல்லை குறைவு. நடனத்துக்கு 1/100 போதாது, 1/250 ஆவது வேண்டும், முன்பு அந்த வேகத்தை நினைத்தே பார்க்க முடியாது. இப்போது முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்கும் பிள்ளையின் விரல் நுனி வரைக்கும் தெளிவாக வருகிறது. ஆனால் தீர்மானத்தில், அதாவது வேகமான அடவுக் கோர்வையில், ஓடித் திரியும்போது என் கமராவின் தொடர் போகஸ் தோற்றுவிடும். அது லென்ஸின் குற்றமில்லை. தீர்மானம் முடிந்து அவள் ஒரு கணம் நிற்பாளே, அதற்குக் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

கிட்டப்போய் எஃப் 1.8இல் எடுக்கும்போது கவனம். ஒரு மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை, மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், கண் மங்கியிருக்கும். கண்ணைப் பார்த்துப் போகஸ் செய்யும் வசதியை எப்போதும் போட்டு வையுங்கள். இரண்டு மீட்டரில் பத்துச் சென்டிமீட்டர் கிடைக்கும், அது போதும்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கும் கொண்டுபோனேன். முழுக்கக் கருங்கல், விளக்கு வெளிச்சத்தையெல்லாம் கல்லே குடித்துவிடும். உள்ளே எடுக்கவில்லை. ஐயரிடம் கேட்டுக்கொண்டு வெளி மண்டபத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஆச்சியை எடுத்தேன். இந்த லென்ஸில் எனக்குப் பிடித்த படம் அதுதான், பின்னால் தூண்கள் கறுப்பாகக் கரைந்து ஆச்சியின் கை மட்டும் நிற்கிறது.

இனிக் குறைகள். அரை மீட்டருக்குக் கிட்டப் போனால் போகஸ் பிடிக்காது, மோதிரம், தாலி, சாப்பாட்டுத் தட்டு எடுக்கிறவர்கள் இதை நம்பி வாங்க வேண்டாம். மழைக்குத் தாங்காது, ஐப்பசி மழையில் பையை விட்டு எடுக்கவே மாட்டேன். பெரிய குறை, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டு அறைக்குள் இது ஆகாது. அம்மாவையும் பேரப்பிள்ளையையும் ஒரே படத்தில் எடுக்க முதுகு பிரிட்ஜில் முட்டும் வரை பின்னால் போனேன், அப்போதும் பிள்ளையின் கால் வெட்டுப்பட்டது. 25ஐ வாங்கியிருக்கலாமோ என்று தடுமாறியது இதனால்தான். உங்கள் படங்களை வரிசைப்படுத்திப் பார்த்து 20க்கும் 30க்கும் இடையில் கூட்டமாக இருந்தால் யோசிக்காமல் 25ஐ வாங்குங்கள், 137 கிராம், அதுவும் எஃப் 1.8தான். என்னுடையவை 42இல் கூட்டமாக இருந்தன, அவ்வளவுதான்.

இன்னொன்று, வெயில் மறைக்கும் ஹூட் லென்ஸோடு வராது, தனியாக வாங்க வேண்டும். அதைப் போடுவதற்கு முன்னால் லென்ஸின் முகப்பில் இருக்கும் அலங்கார வளையத்தைக் கழற்ற வேண்டும், கழற்றிய வளையத்தை வைக்க இடமும் கிடையாது. என்னுடையதைக் காலிமுகத்திடலில் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன், இஸ்ஸோ வடைக்கு (இறால் வடை) காசு எடுத்தபோது விழுந்திருக்க வேண்டும். இப்போது லென்ஸின் மூக்கு மொட்டையாகத்தான் இருக்கிறது.