பாஸ் ட்வீட் நடைச் சுற்று: மூன்று மணி நேரம், மூன்று தெரு

நியூயார்க் போனபோது தென் மன்ஹாட்டனில் ஒரு வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் நடந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நகரத்து அரசியலை ஆட்டிவைத்து ஊழலில் மாட்டிய 'பாஸ்' ட்வீட் என்ற ஒரே ஆளின் கதையை, அவர் பிறந்த தெருவில் தொடங்கி செத்த இடத்தில் முடிக்கிற சுற்று. கொடுத்த காசுக்குத் தகும். குறையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வில்லியம் ட்வீட் 1823-இல் செர்ரி தெருவில் நாற்காலி செய்பவரின் மகனாகப் பிறந்தார். அப்போது தீயணைப்பு வேலையைத் தன்னார்வக் குழுக்கள்தான் பார்த்தன. 'பிக் சிக்ஸ்' குழுவை நடத்திய ட்வீட்டின் ஆள்பலம், நகரத்து ஜனநாயகக் கட்சியைக் கையில் வைத்திருந்த டாமனி ஹால் என்ற அரசியல் அமைப்பின் கண்ணில் பட்டது. அப்புறம் ஏறுமுகம்தான். கப்பலில் வந்து இறங்கிய ஐரிஷ் ஏழைக்கு வேலை, குடியுரிமைத் தாள், குளிருக்கு நிலக்கரி எல்லாம் கட்சிக்காரர் மூலமே கிடைத்தன, பதிலுக்கு ஓட்டு. வழிகாட்டி இதைப் பூசி மெழுகாமல் சொன்னார். திருடன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால், ஜனங்கள் ஏன் அவர் பின்னால் நின்றார்கள் என்பது எனக்குப் புரிந்தே இருக்காது.

சுற்றின் உயிர் சேம்பர்ஸ் தெரு நீதிமன்றம்தான். 2.5 லட்சம் டாலரில் முடிய வேண்டிய கட்டடம் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது, அலாஸ்காவையே அமெரிக்கா 72 லட்சத்துக்குத்தான் வாங்கியது! கான்ட்ராக்டர் பில்லை ஊதிப் பெருக்குவார், கூடுதல் பணத்தில் பெரும் பங்கு ட்வீட் கும்பலுக்குத் திரும்பும். பூச்சு வேலைக்காரர் ஒருவரின் இரண்டு நாள் பில் மட்டும் 1,33,187 டாலர். 1871-இல் நியூயார்க் டைம்ஸ் கணக்குப் புத்தக விவரங்களை அச்சிட்டது, தாமஸ் நாஸ்ட் ஹார்பர்ஸ் வீக்லி இதழில் கேலிச்சித்திரமாக வரைந்து தள்ளினார், படிக்கத் தெரியாதவனுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. 1873-இல் ட்வீட்டை விசாரித்ததும் இதே கட்டடத்தில்தான், வேலை முடியாமலிருந்தபோதே. அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்டபோது, வரி கட்டியவர்களை நினைத்து வயிறு எரிந்தது.

சரி, குறைகள். உள்ளே கூட்டிப் போகவில்லை, முன்பதிவின்போதே சொல்லியிருக்கலாம். 1875-இல் ட்வீட் காவலிலிருந்து தப்பி கியூபா வழியாக ஸ்பெயின் போனதையும், அங்கே நாஸ்ட் வரைந்த படமே அவரைக் காட்டிக்கொடுத்ததையும் வழிகாட்டி நடந்துகொண்டே இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். பின்வரிசையில் இருந்த எனக்குப் பாதி கேட்கவில்லை. அந்தக் கதைக்கு எங்காவது உட்கார்ந்து பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

லட்லோ தெருவில் சுற்று முடிகிறது. 1878-இல் 55 வயதில் ட்வீட் செத்த சிறை இன்றில்லை, அங்கே ஒரு பள்ளிக்கூடம் நிற்கிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடங்கள்.