பிக்கப்பில் எந்த கேபின்? மூன்று வகையையும் வைத்து ஓட்டிய அனுபவம்

பிக்கப் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் இஞ்சின் என்ன, மைலேஜ் எவ்வளவு, ஃபோர் வீல் டிரைவ் தேவையா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கேபின் அளவு கடைசியில்தான் வரும். அதுவும் "நாலு கதவு இருப்பதையே எடுத்துவிடு, எதற்கும் உதவும்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். நான் சிங்கிள் கேப், எக்ஸ்டெண்டட் கேப், க்ரூ கேப் மூன்றையும் வருடக்கணக்கில் வைத்து ஓட்டியிருக்கிறேன். வாங்கிய பிறகு தினமும் நம்மோடு மல்லுக்கு நிற்பது கேபின்தான். இஞ்சினில் இழுவை கொஞ்சம் குறைந்தால் ஒரு கியர் இறக்கிச் சமாளித்துவிடலாம். கேபினில் ஓர் அடி குறைந்தாலோ, அந்த ஓர் அடி பின்னால் சாமான் ஏற்றும் லோடு பெட்டில் குறைந்தாலோ, பிறகு எந்த வேலை பார்த்தும் அதைச் சரிக்கட்ட முடியாது.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கிள் கேப்பில் இரண்டு கதவு, ஒரே வரிசை சீட், அதற்குப் பின்னால் உடனே கேபின் சுவர். எக்ஸ்டெண்டட் கேப்பில் முன் சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கும். அதில் ஒரு மடக்கு சீட்டோ சின்ன பெஞ்சோ போட்டிருப்பார்கள். பக்கத்தில் பல மாடல்களில் பின்பக்கம் கீல் வைத்த அரைக்கதவு. க்ரூ கேப்பில் காரில் இருப்பதுபோல முழுசாக நாலு கதவு, முழு அளவு பின் சீட். கம்பெனி வைத்த பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டொயோட்டா ஹைலக்ஸில் டபுள் கேப் என்றால் இருப்பதிலேயே பெரிய கேபின். அதே டொயோட்டாவின் டண்ட்ராவில் டபுள் கேப்தான் சின்னது, பெரியதற்கு க்ரூமேக்ஸ் என்று பெயர். பெயரை ஓரமாக வைத்துவிட்டு, பின் சீட்டில் கால் வைக்கும் இடம் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள்.

இப்போது முக்கியமான கணக்கு. வண்டியின் மொத்த நீளத்தைத்தான் கேபினும் பெட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021-இல் வந்த ஃபோர்டு எஃப்-150-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரை அடி பெட் வைத்த சூப்பர்கேப் (ஃபோர்டின் எக்ஸ்டெண்டட் கேப்), ஐந்தரை அடி பெட் வைத்த சூப்பர்க்ரூ (அதன் க்ரூ கேப்), இரண்டுக்கும் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், ஒன்றே: 145.4 அங்குலம். பெட்டிலிருந்து எடுத்த ஓர் அடி நேராகப் பின் சீட்டுக்குப் போகிறது. சூப்பர்கேப்பில் பின்னால் கால் இடம் 33.5 அங்குலம், சூப்பர்க்ரூவில் 43.6. பெட்டும் ஆறரை அடி, கேபினும் பெரியது என்று இரண்டையும் கேட்டால் வண்டியின் நீளம் 20 அடியைத் தாண்டிவிடும். அந்த வண்டியைத் தினமும் நிறுத்தி எடுக்க வேண்டியது நாம்தான். ஹைலக்ஸ் மாதிரி நடுத்தர பிக்கப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2015-இல் வந்த தலைமுறையில் நீள வீல்பேஸ் வண்டிகள் எல்லாவற்றுக்கும் 3,085 மில்லிமீட்டர்தான். சிங்கிள் கேப்பில் பெட் சுமார் 2.3 மீட்டர், எக்ஸ்ட்ரா கேப்பில் சுமார் 1.8, டபுள் கேப்பில் சுமார் ஒன்றரை.

ஒன்றரை மீட்டர் என்றால் எவ்வளவு என்பது ஒரு மோட்டார் சைக்கிளை ஏற்றினால்தான் புரியும். சாதாரண பைக் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். சிங்கிள் கேப் பெட்டில் நேராக நிறுத்தி, பெட்டின் பின்கதவான டெயில்கேட்டைச் சாத்திவிடலாம். க்ரூ கேப்பில் முன் டயர் கேபின் சுவரில் முட்டி நிற்கும்போது பின் டயர் திறந்த டெயில்கேட் மேல் உட்கார்ந்திருக்கும். டெயில்கேட்டைத் தாங்குவது இரண்டு கேபிளும் இரண்டு கீலும். மேடு பள்ளத்தில் அந்தக் கேபிள் விண்ணென்று இழுபட்டுத் தளர்வதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். எட்டடி ப்ளைவுட் ஷீட்டும் இதே கதைதான். எட்டடி பெட்டில் கதவைச் சாத்திவிடலாம். ஆறரை அடியில் டெயில்கேட்டை இறக்கிவிட்டால் முழு ஷீட்டும் அடங்கும். ஐந்தரை அடியில் இறக்கிய பிறகும் அரை அடி போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டி எடுத்துப் போகலாம்தான். தினமும் அதே வேலை என்றால் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே பாதி நேரம் போய்விடும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, சுமை எங்கே உட்காருகிறது என்பது. ஒரே வீல்பேஸில் கேபின் பின்னால் நீளும்போது பெட்டும் பின்னால் தள்ளப்படுகிறது. சிங்கிள் கேப்பில் பெட்டின் கணிசமான பகுதி பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கும், அதனால் கனமான சாமானை முன்னால் தள்ளி வைத்தால் நாலு சக்கரமும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். க்ரூ கேப்பில் அந்த வசதி குறைவு. சுமை பெரும்பாலும் ஆக்சில் மேலேயோ அதற்குப் பின்னாலோதான் விழும். பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் லேசாகிவிடும், ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். மூட்டைகளைக் கேபின் சுவரோடு ஒட்டி அடுக்குவது க்ரூ கேப்பில் கட்டாயம் வர வேண்டிய பழக்கம்.

எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கேபின் என்றால் கூடுதல் தகடு, கூடுதல் கதவு, கண்ணாடி, சீட். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை அதேதான் என்றால், இவையெல்லாம் ஏற்றக்கூடிய எடையிலிருந்துதான் கழியும். ஆட்களின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஏற்றும் திறன் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எழுபது கிலோ வீதம் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தாலே 350 கிலோ போய்விட்டது. டிரெய்லர் இழுப்பவர்கள் கொக்கியின் மேல் அழுந்தும் எடையையும் இதில் கூட்டிக்கொள்ள வேண்டும். அது டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை வரும். குடும்பம் முழுக்க உள்ளே, பெட் நிறைய சாமான், பின்னால் டிரெய்லர் என்ற விளம்பரப் படத்தை அப்படியே நிஜத்தில் செய்து பார்த்தால் பல வண்டிகள் தம் வரம்பைத் தாண்டிவிடும்.

சரி, வாழ்ந்து பார்த்த அனுபவத்துக்கு வருகிறேன்.

சிங்கிள் கேப் வேலைக்கென்றே பிறந்தது. திரும்பிப் பார்த்தால் பின் கண்ணாடி தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும், ரிவர்ஸ் எடுப்பது அவ்வளவு சுலபம். கேபின் சின்னது என்பதால் ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும். குறை என்னவென்றால், சீட்டைச் சாய்க்க முடியாது. உயரமான ஆள் என்றால் சீட்டைக் கடைசிவரை தள்ளியும் முழங்கால் ஸ்டியரிங்குக்கு அருகில்தான் இருக்கும். நீண்ட தூரம் ஓட்டும்போது நடுவில் நிறுத்தி கொஞ்சம் சாய்ந்து படுக்கலாம் என்ற பேச்சே இல்லை. மூன்று பேர் பெஞ்ச் சீட் என்றால் நடுவில் இருப்பவரின் முழங்காலுக்கு இடையில் கியர் லீவர். பையை எங்கே வைப்பது, மழை கோட்டை எங்கே வைப்பது, பில் புத்தகத்தை எங்கே வைப்பது என்பது தினசரிப் பிரச்சினை. பக்கத்து சீட் காலியாக இருக்கும்வரை அதுதான் அலமாரி. ஆள் ஏறிவிட்டால் எல்லாம் அவர் மடியில். வீட்டில் வேறு ஒரு கார் இருந்து, இந்த வண்டி சுமைக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதுவே ஒரே வண்டி என்றால் வேண்டாம். பின்நோக்கி வைக்கும் குழந்தை சீட்டை, இயங்கும் ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. சில பிக்கப்களில் அந்த ஏர்பேக்கை அணைக்க சாவி சுவிட்ச் இருக்கும், இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும், பின் சீட்தான் குழந்தைக்குச் சரியான இடம்.

க்ரூ கேப் என்பது, வண்டியை வீட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்வதற்கான வழி. வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏறி நேராக உட்காரலாம். கதவு முழுசாகத் திறப்பதால் குழந்தை சீட்டின் பெல்ட்டை இடுப்பு வளைக்காமல் மாட்டலாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பல பிக்கப்களில் குழந்தை சீட்டின் மேல் பட்டையை மாட்டும் கொக்கி சீட்டுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி இருக்கும். காரில் போல நேராக மாட்ட முடியாது. பட்டையை ஒரு வளையத்தில் நுழைத்து அடுத்த சீட்டின் கொக்கியில் கொண்டுபோய் மாட்டும் அமைப்பும் உண்டு. முதல் தடவை கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஆட்கள் இல்லாத நாட்களில் க்ரூ கேப்பின் பின் சீட்டைத் தூக்கி மடக்கிவிட்டால் நல்ல பெரிய தளம் கிடைக்கும். ஆனால் குடும்பம் ஏறுகிற சீட் என்பதால் அழுக்குச் சாமானை அதில் போட மனம் வராது. அது மறுபடி பெட்டுக்கே போகும், பெட்டோ சின்னது. அதனால்தான் க்ரூ கேப் வைத்திருக்கும் பலர் கொஞ்ச நாளில் பெட்டுக்கு மூடி போடுகிறார்கள். நானும் போட்டேன், நல்ல முடிவு. மூடி போட்ட பிறகு உயரமான சாமான் ஏற்ற முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்டெண்டட் கேப்பைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். "பின்னாலும் ஆள் உட்காரலாம்" என்று விற்பவர் காட்டுவார். உட்காரலாம். முதுகுச் சாய்மானம் கிட்டத்தட்ட நேராக நிற்கும், முழங்கால் முன் சீட்டின் முதுகில் முட்டும். பக்கத்துத் தெருவுக்குப் போக ஒன்றும் பிரச்சினையில்லை. அரை மணி நேரம் தாண்டினால் பெரியவர்கள் யாரும் இரண்டாம் முறை ஏற மாட்டார்கள்.

அரைக்கதவையும் நெருக்கமான பார்க்கிங்கில் திறந்து பார்க்க வேண்டும். முன் கதவைத் திறந்தால்தான் பின்கதவின் கைப்பிடியே கைக்கு எட்டும். அதைத் திறந்ததும் இரண்டு கதவும் எதிரெதிராக விரிந்து, நடுவில் நாம் பெட்டிக்குள் நிற்பது மாதிரி மாட்டிக்கொள்வோம். பக்கத்தில் வண்டி நின்றால் பின்வாங்கவும் முடியாது, கதவைச் சாத்தவும் முடியாது. சில மாடல்களில் முன் சீட் பெல்ட்டே அந்த அரைக்கதவில்தான் பொருத்தியிருக்கும். முன்னால் இருப்பவர் பெல்ட்டைக் கழற்றாமல் பின்கதவைத் திறந்தால் பெல்ட் அவரை இழுக்கும். ஒவ்வொரு முறை ஒருவர் இறங்கவும் முன்னால் இருப்பவரும் அசைய வேண்டும்.

ஆனால் ஆட்களை மறந்துவிட்டுச் சாமானை நினைத்துப் பாருங்கள், எக்ஸ்டெண்டட் கேப் போல ஒன்று கிடையாது. நடுவில் தூண் இல்லாத மாடலில் இரண்டு கதவையும் திறந்தால் பக்கவாட்டில் பெரிய வாசல். குனியாமல் டூல்பாக்ஸை உள்ளே தள்ளலாம். டிரில் மெஷின், சார்ஜர், கயிறு, தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி எல்லாம் நனையாமல், பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கும். நாய் வளர்ப்பவர்களுக்கு மடக்கிய சீட்டின் தளம் கச்சிதமான இடம். முன் சீட்டைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண் அயரலாம். பெட்டும் க்ரூ கேப்பைவிட நீளமாகவே இருக்கும். டாட்ஜ் 1973-இல் க்ளப் கேப் என்று இந்த வகையைக் கொண்டுவந்தபோதும் சாமானை உள்ளே பத்திரமாக வைக்கும் இடம் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. சீட் என்று இருந்தது மடக்கி வைக்கும் குட்டி சீட்தான். டொயோட்டா 2024 டகோமாவின் எக்ஸ்ட்ராகேப்பில் பின் சீட்டையே எடுத்துவிட்டுப் பூட்டக்கூடிய சாமான் அறை வைத்துவிட்டது. எனக்கு இதுதான் நேர்மையான வடிவம் என்று தோன்றுகிறது.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேலை நாளில், சாதாரணமாக, பின் சீட்டில் என்ன இருக்கும்? பண்டிகை, கல்யாணம், வருடாந்திரப் பயணம் இவற்றை நினைத்துப் பதில் சொல்லாதீர்கள், அந்த நாட்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆட்கள், அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் க்ரூ கேப். கருவிகள் என்றால் எக்ஸ்டெண்டட். எதுவுமே இல்லை, பெட்தான் நிறையும் என்றால் சிங்கிள்.

ஷோரூமுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். வீட்டிலேயே உயரமானவரை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, அவருக்கு வசதியாகச் சீட்டைத் தள்ளச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் அவருக்குப் பின்னால் ஏறி, பேசிக்கொண்டே ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். பின்னால் ஏசி துவாரம் இருக்கிறதா, கண்ணாடி இறங்குகிறதா என்பதெல்லாம் அந்த நேரத்தில் தானாகத் தெரிந்துவிடும். குழந்தை சீட் இருந்தால் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். பெட்டில் அடிக்கடி ஏற்றும் சாமானின் நீளத்தையும் வண்டி நிறுத்தும் இடத்தின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து எழுதி எடுத்துப் போங்கள். ஏற்றக்கூடிய எடை எவ்வளவு என்பதைப் பிரோஷரில் பார்க்க வேண்டாம், அதில் போட்டிருப்பது பெரும்பாலும் அந்த வரிசையிலேயே அதிகமான எண். நீங்கள் வாங்கப் போகும் அதே வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் எடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைப் படியுங்கள். இல்லையென்றால் அந்த கேபின், அந்த வேரியண்ட் இரண்டுக்கும் உரிய மொத்த எடையையும் காலி எடையையும் எழுத்தில் கேட்டு வாங்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய எக்ஸ்டெண்டட் கேப் வாங்குவதாக இருந்தால் அரைக்கதவின் மேல் கொக்கி, கீழ்க் கொக்கி இரண்டையும் நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். ரப்பர் பீடிங்கைக் கையால் தடவிப் பாருங்கள். தூண் இல்லாத இடத்தில் இரண்டு கதவும் ஒன்றோடொன்று பொருந்தித்தான் தண்ணீரைத் தடுக்க வேண்டும். பின் சீட்டின் கீழே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், அந்த வேலையை அவை ஒழுங்காகச் செய்தனவா என்பது தெரிந்துவிடும்.