எந்த ஸ்ட்ரோலர்? வாசப்படி, டிக்கி, இட்டேரி பார்த்து ஓர் அலசல்

ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதைத்தான். கம்பெனி அப்புறம். வீட்டு வாசலில் எத்தனை படி, கார் டிக்கியில் எவ்வளவு இடம், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி வண்டிகள் தாமாகவே கழிந்துவிடும். கோவை சரவணம்பட்டியில் லிஃப்ட் உள்ள அடுக்குமாடியில் இருப்பவருக்கும், கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருப்பவருக்கும் ஒரே வண்டியைச் சிபாரிசு செய்யும் விமர்சனங்களை நான் நம்புவதில்லை.

கடையிலும் ஆன்லைனிலும் கிடைப்பவற்றை நாலு வகையாகப் பிரிக்கலாம். குடை மாதிரி நீளவாக்கில் மடியும் லேசான வண்டி ஒன்று. படுக்க வைக்கும் வசதியுள்ள பெரிய பிராம் இரண்டாவது. மூன்றாக மடிந்து சூட்கேஸ் அளவுக்குச் சுருங்குவது மூன்றாவது. காரில் மாட்டும் சீட்டோடு சேர்ந்து வரும் டிராவல் சிஸ்டம் நாலாவது. மூன்று சக்கர ஜாகிங் வண்டி என்று ஒன்றும் உண்டு. ரேஸ்கோர்ஸில் காலையில் ஓடுகிறவர்களுக்கு ஆசையாக இருக்கும்; ஆனால் மடித்த பிறகும் டிக்கி முழுவதையும் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம். இவற்றோடு, மார்பில் கட்டிக்கொள்ளும் கேரியரையும் போட்டியில் சேர்த்தே ஆக வேண்டும். நம்மூரில் பல இடங்களில் வண்டியைத் தோற்கடிப்பது அதுதான்.

பிராமா, குடைமடிப்பா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். குடைமடிப்பு வண்டியை 1965-ல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைத்ததில் பங்குள்ளவர். பேத்தியின் கனத்த பிராமைத் தூக்கிக்கொண்டு மகள் விமானப் பயணத்தில் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, அலுமினியக் குழாய்களால் மூன்று கிலோவுக்கும் குறைவான வண்டி ஒன்றைச் செய்தார். படி ஏறி இறங்குவதற்கென்றே பிறந்த வண்டி அது. இன்று இங்கே விற்கும் குடைமடிப்பு வண்டிகள் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு கிலோ வரை இருக்கின்றன. பெரிய பிராம் எட்டிலிருந்து பதினொரு கிலோ.

பிராமின் பெரிய பலம், முதுகுப் பக்கத்தைக் கிட்டத்தட்டத் தட்டையாகச் சாய்க்கலாம் என்பது. தலை நின்று, தானாக உட்காரத் தொடங்காத குழந்தையை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம் வரை, உட்கார்ந்த நிலையில் வைத்துத் தள்ளக் கூடாது. தலை முன்னால் சரிந்தால் மூச்சுக்கே சிரமம். சாதாரணக் குடைமடிப்பில் துணிதான் இருக்கை; அது தொய்ந்து குழந்தையின் முதுகை வளைக்கும். ஆகவே பிறந்தது முதலே வண்டி வேண்டும் என்றால் பிராம்தான், அதில் பேச்சே இல்லை.

ஆனால் பிறந்தது முதலே வேண்டுமா என்பதுதான் கேள்வி. இங்கே பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்பி வருகிறாள். அதுவரை குழந்தை சேலைத் தொட்டிலிலும் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மடியிலும்தான் வளர்கிறது. பிராமை வாங்கி வைத்தால், "பாப்பாவைத் தூக்கறதுக்கு எங்களுக்குக் கையில்லீங்களா?" என்று அப்பச்சி (அம்மாவின் அப்பா) சிரிப்பார். புகுந்த வீட்டுக்கு வந்து சேரும்போது குழந்தைக்கு உட்காரும் வயது நெருங்கியிருக்கும். பிராமுக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் பெரும்பங்கு இப்படித் தொட்டில் காலத்திலேயே கரைந்துவிடுகிறது. இதற்கு விலக்கு, வேலைக்காகக் கோவைக்கு வந்து தனிக்குடித்தனம் இருப்பவர்கள். உதவிக்கு ஆளில்லாத வீட்டில், சமையல் முடியும்வரை குழந்தையைக் கண்ணெதிரே படுக்க வைத்துக்கொள்ள பிராம் கூடுதல் கை மாதிரி உதவும். அவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

கைப்பிடியைத் திருப்பி, குழந்தை நம்மைப் பார்க்கும்படி தள்ளலாம் என்பதைப் பிராம் விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. கடையின் வழவழத் தரையில் அது அழகாகத்தான் ஓடும். திருப்பிப் பிடித்தால் சுழலும் சின்னச் சக்கரங்கள் நம் பக்கம் வந்துவிடுகின்றன, முன்னால் போவதோ திரும்பாத சக்கரங்கள். வாசப்படி நிலையில் முட்டியதும் வண்டி கோணிக்கொள்ளும், திருப்பவே வராது. நாலு சக்கரமும் சுழன்று, வேண்டிய பக்கத்தைப் பூட்டிக்கொள்ளும் மாடல் என்றால் இந்தத் தொல்லை இல்லை. இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

பழைய வீடு, வாசலில் மூன்று படி, உள்ளே ஆசாரத்துக்கு (கூடத்துக்கு) இன்னொரு படி என்றிருந்தால் பிராமை மறந்துவிடுங்கள். பத்துக் கிலோ வண்டியில் பத்துக் கிலோ குழந்தையை வைத்து ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது.

சக்கரமும் முள்ளும்

சக்கரம் மூன்று விதம்: கெட்டி பிளாஸ்டிக், ஈவா ஃபோம் (காற்றடிக்கத் தேவையில்லாத மெத்தென்ற நுரை), காற்றடிக்கும் டயர். காற்று டயர்தான் மேடுபள்ளத்தில் சுகம் என்று வெளிநாட்டு விமர்சனங்கள் சொல்வது உண்மை. அவர்களுக்கு நெருஞ்சி முள்ளைத் தெரியாது. பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம் பக்கம் இட்டேரியில் (இருபக்க வேலிக்கு நடுவே போகும் மண்பாதையில்) ஒரு தரம் போய்வந்து டயரைப் பாருங்கள். நெருஞ்சியும் வேலிக்காத்தான் முள்ளும் வரிசையாகக் குத்தியிருக்கும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிவிடலாம்தான், ஆனால் டியூபே போய்விட்டால் அந்த அளவு கிடைப்பது கடினம். ஆகவே ஈவா ஃபோம் சக்கரம், அதோடு ஸ்பிரிங் வைத்தது என்பதே என் தேர்வு. கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் மாலுக்குள்ளும் அடுக்குமாடி வளாகத்துக்குள்ளும் மட்டும் சரி. ஜல்லி கொட்டிய ரோட்டில் அது குழந்தையின் பல்லை ஆட்டிவிடும்.

சக்கரத்தின் அகலத்தையும் பாருங்கள். சாக்கடை மேல் போட்டிருக்கும் சிலாப்புகளின் இடைவெளியில் ஒற்றையான சின்னச் சக்கரம் அப்படியே இறங்கி நின்றுவிடும். மணலிலோ உழவு மண்ணிலோ வண்டி சிக்கினால் முன்னால் தள்ளிப் பயனில்லை. திரும்பி நின்று, பெரிய பின்சக்கரம் முதலில் வருகிற மாதிரி இழுத்தால் வந்துவிடும்.

பிரேக்கைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் உடுமலை, பல்லடம் பக்கம் வெறும் ஐந்து கிலோ வண்டி ஹூட்டை (மேல்மூடியை) விரித்து நின்றால் தானாகவே நகரப் பார்க்கும். மலிவு வண்டிகளில் இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பது சகஜம். ஒரே மிதியில் இரண்டும் பூட்டுவதாகப் பாருங்கள். பூட்ட அமுக்கி, எடுக்கக் கால் நுனியால் மேலே தூக்கும் வகையில், செருப்போடோ வெறுங்காலோடோ நடந்து பழகியவர்களுக்கு விரல் வலிக்கும். அமுக்கினால் பூட்டி, மறுபடி அமுக்கினால் விடும் வகை, அப்பாருக்கும் சேலை கட்டிய ஆத்தாவுக்கும் (அப்பாவைப் பெற்றவர்களுக்கு) சுலபம். பகலில் வண்டி தள்ளப்போவது அவர்கள்தான் என்றால் அவர்களையே கடைக்குக் கூட்டிப் போவது உத்தமம்.

வெயில்

ஈரோடும் கரூரும் ஏப்ரல், மே மாதங்களில் எப்படிக் காய்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. கறுப்புத் துணி வண்டியை வாங்காதீர்கள், பெல்ட் கொக்கி சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை உட்கார வையுங்கள். வெயில் படாமலிருக்க மேலே துண்டை விரித்து மூடுவது பலர் செய்யும் காரியம். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் இதை அளந்து பார்த்தார்கள். உலர்ந்த மெல்லிய துணி போட்டு மூடியபோது வண்டிக்குள் சூடு கூடியது. துணியை நனைத்துப் போட்டு, சின்ன மின்விசிறியும் மாட்டியபோது குறைந்தது. துணி காயக் காய நனைக்க வேண்டும், காற்று போக வழியும் வேண்டும். இந்த விஷயத்தில் நீளமான ஹூட் உள்ள பிராம் ஜெயிக்கிறது. மலிவான குடைமடிப்பில் ஹூட் என்பது நெற்றியை மறைக்கும் அளவுக்குத்தான்.

மழைக்கவர் வால்பாறைக்காரர்களுக்கு வேண்டும். மற்றவர்கள் அந்தக் காசில் கொசுவலை வாங்கலாம்.

மும்மடிப்பு யாருக்கு?

அடிக்கடி ரயிலிலோ விமானத்திலோ போகிறவர்களுக்கும், டிக்கி இல்லாத கார்க்காரர்களுக்கும். வேகன்ஆர் காரின் டிக்கி 341 லிட்டர், தாராளம். அதே கார் சிஎன்ஜி என்றால் சிலிண்டர் உட்கார்ந்துகொண்டு மிச்சம் கொஞ்சம்தான். குடைமடிப்பு மெலிந்துதான் இருக்கும், ஆனால் ஓர் ஆள் இடுப்புக்கு மேல் நீளம்; பின்சீட்டின் காலடியில் குறுக்கே போட வேண்டியதாகும். மும்மடிப்பு சீட்டுக்கு அடியிலோ மூலையிலோ நின்றுவிடும்.

விமானத்தில் கைப்பையாகவே எடுத்துப் போகலாம் என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். இந்த வகைக்குப் பேர்போன பேபிசென் யோயோ மடித்தால் 52 × 44 × 18 செ.மீ. நம்மூர் விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கான அளவு 55 × 35 × 25 செ.மீ., எடை 7 கிலோ. அகலத்தில் இடிக்கிறது. பீளமேடு விமான நிலையத்தில் விமானப் படிக்கட்டுவரை தள்ளிக்கொண்டு போய், அங்கே ஒப்படைத்துச் சரக்கறையில் போடும் நிலைமைதான் பெரும்பாலும் வரும். அதற்குச் சாதாரணக் குடைமடிப்பே போதுமே! சக்கரம் சின்னது, விலையோ பிராமைத் தாண்டும். எனக்கு இந்த வகைமீது பெரிய மோகம் இல்லை. சிஎன்ஜி கார் வைத்திருந்தால் மட்டும் பேச்சு வேறு.

டிராவல் சிஸ்டம் பற்றிச் சுருக்கமாக: அதில் உயிரே கார் சீட்தான், வண்டி உபரி. ஐரோப்பாவின் ஆர்129 விதி, குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்பக்கம் பார்த்தபடியே காரில் உட்கார வேண்டும் என்கிறது. கார் இருக்கிறது, கையில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது என்றால், முதலில் தனியாக நல்ல கார் சீட். மிச்சத்தில் ஒரு குடைமடிப்பு. இரண்டையும் இணைத்து வாங்கும் செட் கோவையிலிருந்து சென்னைக்குக் காரிலேயே போய்வருகிறவர்களுக்குச் சரியாக வரலாம். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் குழந்தையை அந்தச் சீட்டிலேயே தூங்கவிடக் கூடாது. வீட்டில் ஸ்கூட்டர் மட்டும்தான் என்றால் எந்த ஸ்ட்ரோலரும் அதில் ஏறாது. குழந்தைக்கான பாதுகாப்பு பெல்ட்டும், 9 மாதம் முதல் 4 வயது வரை ஹெல்மெட்டும் 2023 பிப்ரவரியிலிருந்து சட்டம். செலவை அங்கே செய்யுங்கள்.

கேரியர் ஜெயிக்கும் இடங்கள்

மருதமலைப் படி, பழனி விஞ்ச் வரிசை, பேரூர் கோயிலின் உயர்ந்த நிலைப்படிகள், தீபாவளி நேரத்து ஒப்பணக்கார வீதி, கூட்டம் நெருக்கும் டவுன் பஸ். இங்கெல்லாம் ஸ்ட்ரோலர் சுமைதான். கேரியரில் குழந்தையின் முழங்கால் புட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளைக்கால் மாதிரி விரிந்திருக்க வேண்டும். முகம் நமக்குத் தெரிய வேண்டும். தாடை மார்பில் ஒட்டக் கூடாது. இடுப்பில் வைத்துத் தூக்கும் நம் வழக்கத்திலும் கால் அப்படித்தான் விரிகிறது. திருப்பூர் பனியன் துணியில் சுற்றிக் கட்டும் வகை சின்னக் குழந்தைக்கு இதமாக இருக்கும். எடை கூடினால் துணி தொய்யும், பட்டை வைத்த கேரியருக்கு மாற வேண்டும். கேரியரின் குறை, பத்துக் கிலோவைத் தாண்டினால் நம் முதுகு. மே மாதத்தில் இருவர் வேர்வையும் ஒன்றாகிவிடும். அவிநாசி சாலை மாதிரி நெரிசலான இடத்தில் இன்னொரு லாபமும் உண்டு: ஸ்ட்ரோலரில் குழந்தையின் மூக்கு வண்டிகளின் புகைக்குழாய் உயரத்தில் இருக்கிறது, கேரியரில் நம் மார்பு உயரத்தில்.

வாக்கர் வாங்கினால் ஸ்ட்ரோலர் வேண்டாமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: பாதுகாப்பில்லை என்று கனடா 2004-லேயே குழந்தை வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

எதை எடுப்பது?

தோட்டத்துச் சாளையிலோ ஊருக்குள் பழைய வீட்டிலோ கூட்டுக் குடும்பமாக இருந்தால்: ஒரு நல்ல கேரியர், ஆறு மாதத்துக்குப் பிறகு தேவைப்பட்டால் குடைமடிப்பு. தனிக்குடித்தனம், லிஃப்ட், வளாகத்துக்குள் நடைபாதை: பிராம். வாரம்தோறும் மால், உக்கடம் பெரியகுளக்கரை, வ.உ.சி. பூங்கா என்று சுற்றும் கார்க் குடும்பம்: முதுகு சாயும் குடைமடிப்பு. விலை, ஏறக்குறைய, குடைமடிப்பு இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் ஐயாயிரம். பிராம் ஐந்து முதல் பத்தாயிரம். மும்மடிப்பு அதற்கும் மேலே.

எந்த வகையானாலும் தோள், இடுப்பு, கால் இடை என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் இருக்க வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிட வேண்டாம். குழந்தையைத் தூக்கியதும் வண்டி மல்லாக்க விழும். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள். 2009-ல் அமெரிக்காவில் மெக்லாரன் கம்பெனியே சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, கீலில் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதால்.

சொந்தக்காரர் வீட்டுப் பழைய வண்டி கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். மடிப்புப் பூட்டு விரித்ததும் 'டக்' என்று விழுகிறதா, சரிவில் பிரேக் நிற்கிறதா, பெல்ட் கொக்கி தானாகக் கழல்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். கார் சீட் மட்டும் விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்தாலொழியப் பழசு வேண்டாம். புது வண்டி என்றால் கடையிலேயே குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் மடித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் நீங்களும் மடித்து, வாசலுக்குக் கொண்டு போய் உங்கள் டிக்கியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.