போலிஷ்காரர்களுக்கு ஒலிப்புச் செயலி: பச்சை விளக்கை நம்ப வேண்டாம்

வருடச் சந்தா பாதி விலைக்கு இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று வார்சாவில் ஆங்கிலம் சொல்லித்தரும் நண்பர் கேட்டார். பேசப் பேச ஒவ்வொரு ஒலிக்கும் பச்சையோ சிவப்போ காட்டும் செயலி அது. போலிஷ் பேசுபவர்களோடு வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தாயிற்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'திங்க்' என்பது 'ஃபிங்க்' ஆனால் விடாமல் பிடிக்கிறது. போலிஷில் குறில் நெடில் வேறுபாடே கிடையாது. 'ஷிப்', 'ஷீப்' இரண்டும் ஒன்றாகிவிடும். 'ஷிப்'புக்கு அவர்கள் மொழியில் ஒய் (y) எழுத்துக்கு உள்ள ஒலியையே போடச் சொல்கிறது, அருமையான குறிப்பு. ஐ (i) எழுத்தின் ஒலியைப் போட்டால் முன்னால் நிற்கும் 'ஷ்' வேறு குழைந்துபோகும். 'கம்ஃபர்டபிள்' என்பதைக் 'கொம்ஃபொர்தேய்புள்' என்று கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தினாலும் தட்டிக்கேட்கிறது.

எரிச்சல் எங்கே என்றால், சொல்லின் கடைசி மெய்யில். போலிஷில் சொல் முடியும் இடத்தில் தொண்டை அதிர்வு நின்றுவிடும். அவர்கள் மொழியில் பூனையும் (kot) குறியீடும் (kod) ஒரே உச்சரிப்புதான். கிராகுவ் என்ற ஊர்ப்பெயரே அவர்கள் வாயில் 'கிராகுஃப்'. ஆகவே ஆங்கிலத்தில் நாய் (dog) என்று சொல்ல வந்தால் கப்பல்துறையாகிவிடும் (dock). (தமிழில் எழுதினால் இரண்டுமே 'டாக்'. நமக்கு எழுத்தில் உள்ள சிக்கல் அவர்களுக்கு வாயில்.) வாக்கியத்துக்குள் வந்தால் செயலி இதற்குப் பச்சை காட்டுகிறது, என்ன சொல் வரவேண்டும் என்று அதற்கு முன்பே தெரியும், மன்னித்துவிடுகிறது. தனிச் சொல்லாகச் சொன்னால் சிவப்பு காட்டி, "இன்னும் அதிர்வு வேண்டும்" என்கிறது. பயில்பவர் முக்கி முக்கி, கடைசியில் ஓர் உயிரொலியை ஒட்டி 'டாகு' என்கிறார். அதற்குப் பச்சை! இதைவிடக் கெட்ட பழக்கத்தை ஒருவருக்குக் கற்றுத்தர முடியாது.

ஆங்கிலேயர்களே அந்தக் கடைசி மெய்யை அரைகுறை அதிர்வோடுதான் விடுகிறார்கள். காது பிடிப்பது முன்னால் உள்ள உயிரின் நீளத்தை. நாயில் அது கப்பல்துறையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உயிரை இழுங்கள், மெய்யை லேசாக மூடுங்கள், வெடிக்க விடாதீர்கள், அவ்வளவுதான் பயிற்சி.

இன்னொரு கூத்து: அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் வார்சாக்காரர் அதிர்வை நிறுத்திவிடுவார், கிராகுவ், போஸ்னான் பக்கத்தவர் அதிர்வில்லாததையும் அதிரவைப்பார். இருவர் தவறும் நேரெதிர். செயலிக்கு எல்லோரும் ஒன்று.

இத்தனை நல்லது சொல்லியும், பாதி விலைக்குக்கூட வேண்டாம் என்பேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'ப்ராட்' மென்பொருள் இலவசம். இரண்டு சொல்லையும் பதிந்து, அலைவடிவத்தில் உயிர்ப் பகுதியை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அதன் நீளத்தை நொடிக்கணக்கில் காட்டும். இரண்டும் சமமாக இருந்தால் இன்னும் கப்பல்துறைதான்.