ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே தேடி வரும் "கிளைம்" ஆட்கள்: எங்களுக்கு 3,800 வெள்ளி (ரிங்கிட்) போனது, உஷாராக இருங்கள்

நேற்று ஈப்போவில் பெர்கேசோ (சொக்சோ என்றும் சொல்வோம், மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அலுவலகத்திலிருந்து திரும்பியதிலிருந்து வயிறு எரிகிறது. 3,800 வெள்ளி. அப்பா செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசு பாதி, அம்மா வளையலை அடகு வைத்து வாங்கியது பாதி. அவ்வளவையும் வாங்கிக்கொண்டு ஒருவன் எங்களுக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை. சுங்கை சிப்புட் பக்கமும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள் தயவு செய்து முழுதாகப் படியுங்கள். பெயரை இப்போது எழுதவில்லை, போலீசில் புகார் கொடுக்கப் போகிறோம். கடைவீதியில் மாடியில், விபத்து கிளைம், சொக்சோ, இன்சூரன்ஸ் என்று பெரிய பலகை மாட்டியிருக்கும் ஓர் ஆலோசனைக் கடை. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்வேன்.

அப்பா விடியற்காலையில் மோட்டாரில் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும்போது ஒரு லோரி இடித்துவிட்டது. வலது கால் எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள், பார்வையாளர் நேரத்தில் அந்த ஆள் வார்டுக்கே வந்தான். நெற்றியில் விபூதி, கையில் ஆரஞ்சுப் பை. எங்கள் தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயரைச் சொன்னான், அப்பா எந்தப் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போகிறார் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. அப்பாவின் காலுக்குக் கீழே தலையணை நகர்ந்திருந்ததைப் பார்த்து, யாரும் கேட்காமலே குனிந்து, மெதுவாக எடுத்துச் சரியாக வைத்தான். "அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க, அலையுற வேலையெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்றான். அம்மா அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டார். அப்போது அவன் எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி தெரிந்தான். அதைத்தான் நினைத்து நினைத்துப் பொறுக்க முடியவில்லை, அந்தத் தலையணையை.

பிறகு தாள்களை எடுத்தான். சில தாள்களில் எழுத்தே இல்லை, அடியில் மட்டும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. "இங்க கையெழுத்து போடுங்க அண்ணே, மீதிய ஆபீஸ்ல டைப் பண்ணிடுவோம்." வலி மருந்து ஏறிக்கொண்டிருந்த மனிதரிடம் கையெழுத்து வாங்கினான். ஐசி (அடையாள அட்டை) நகல், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) அசல், போலீஸ் ரிப்போர்ட் அசல், வங்கிப் புத்தகம் எல்லாம் அவன் பைக்குள் போனது. "மூணு மாசத்துக்குள்ள போடலன்னா கிளைம் செத்துரும்" என்று அவசரப்படுத்தினான். அது பச்சைப் பொய். லோரிக்காரன் மேல் காயத்துக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் ஆறு வருடம் இருக்கிறது. அரசாங்க வண்டியாக இருந்தால் மட்டும் மூன்று வருடம். இதெல்லாம் இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஃபைல் திறக்க 1,500 வெள்ளி. அடுத்து டாக்டர் ரிப்போர்ட் எடுக்க 1,300. அப்புறம் கோர்ட் முத்திரைக்கு என்று 1,000. மொத்தம் 3,800 வெள்ளி. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் மலாயில் ஏதோ கிறுக்கிக் கொடுத்தான், கடை முத்திரைகூட அதில் இல்லை. இது போக, ஜெயித்தால் வருவதில் 30 விழுக்காடு அவர்களுக்காம். "ஜெமா டோக்டர்ல நமக்கு ஆள் இருக்கு, பெர்சென்ட் ஏத்தி வாங்கிடலாம்" என்று வேறு காதோடு சொன்னான். ஊனம் எத்தனை விழுக்காடு என்பதை அந்த சொக்சோ டாக்டர்கள் குழு ஆளைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்யும். முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்ய முறையாக வழி இருக்கிறது. இதில் இவனுக்கு என்ன வேலை?

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. போன் அடித்தால் "ஃபைல் கோலாலம்பூர் போயிருக்கும்மா" என்பான். அடுத்த தடவை லாயர் கோர்ட்டில் இருக்கிறார் என்பான். சிஸ்டம் டவுன், நோன்புப் பெருநாள் விடுமுறை, தீபாவளி முடியட்டும், இப்படியே மாதங்கள் ஓடின. எந்த லாயர், பெயர் சொல்லுங்கள் என்றால் பேச்சை மாற்றிவிடுவான். வாட்சாப் செய்தியைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவான். நேரில் போனால் கவுண்டரில் இருக்கும் பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டே "பாஸ் வெளிய போயிருக்காரு" என்பாள், உள்ளே அவன் சிரித்துப் பேசும் குரல் எங்களுக்குக் கேட்கும். அம்மா ஒரு நாள் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு அவன் வெளியே வந்து, "பெரியம்மா, சும்மா சத்தம் போடாதீங்க, கையெழுத்து போட்டது உங்க வீட்டுக்காரர்தானே" என்றான். அண்ணே அண்ணே என்று ஆரஞ்சு உரித்துக் கொடுத்த அதே வாய். ஃபைலைத் திருப்பிக் கொடு என்று கேட்டால், அதற்கு ரத்துக் கட்டணம் 500 வெள்ளியாம்!

கடைசியில் தோட்டத்துக் கிராணிதான் நேராக பெர்கேசோவுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கே கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா அப்பாவின் ஐசி எண்ணை அடித்துப் பார்த்தார். தோட்ட நிர்வாகம் விபத்துத் தகவலை ஒழுங்காக அனுப்பியிருக்கிறது, அது முதலாளி 48 மணி நேரத்துக்குள் செய்யவேண்டிய கடமை. ஆனால் எம்சியோ வங்கிக் கணக்கோ எங்கள் பக்கத்திலிருந்து எதுவுமே போய்ச் சேரவில்லை. அவனுடைய பையில்தானே இருக்கிறது எல்லாம். பணம் கட்டினோம் என்று நான் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்து, "பாயார் சியாப்பா? இனி பெர்ச்சுமா, அடிக்" (யாருக்குக் காசு கட்டினீங்க? இது இலவசம்) என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டேன், டாக்டர் ரிப்போர்ட் கேட்டு யாருமே விண்ணப்பம் போடவில்லையாம். அந்த 1,300 எங்கே போனது?

பலருக்கு இது தெரியவில்லை என்பதால் சொல்கிறேன். வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால் அதுவும் சொக்சோவில் வேலை விபத்துதான். குறைந்தது நான்கு நாள் எம்சி இருந்தால், வேலை செய்ய முடியாத அந்த நாட்களுக்குச் சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அப்பா இத்தனை மாதமாகச் சம்பளமில்லாமல் வீட்டில் கிடக்கிறார், ஒட்டுக்கடையில் கடன் ஏறிக்கொண்டே போகிறது. ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டிய பணம் இது, மாதாமாதம் அவர் பெயரில் கட்டிய சந்தாவுக்கு உரியது. ஒருவனுடைய பேராசையால் நின்று போயிருக்கிறது. அந்த 3,800 வெள்ளியைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபம்.

லோரி இன்சூரன்ஸ் விஷயம் வேறு. அதற்கு லாயர் வேண்டும், நிஜமான லாயர். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி லாயராக இல்லாதவன் லாயர் வேலை செய்வது குற்றம். லாயரே ஆனாலும் ஜெயித்தால் இத்தனை விழுக்காடு என்று பங்கு பேசக்கூடாது. விழுக்காடு பேசுகிறவனை அந்த நிமிடமே வெளியே அனுப்புங்கள்.

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இப்போது சுருக்கமாகத்தான் முடியும், அப்பாவைக் கால் டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அசல் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஏடிஎம் கார்டு, பின் நம்பர் கேட்டால் விரட்டுங்கள். சொக்சோவுக்கு நீங்களே போங்கள், காசு கிடையாது. லாயர் பெயரை வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், வசதி இல்லாதவர்கள் ஈப்போவில் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கொடுத்த காசைத் திரும்பக் கேட்க பயனீட்டாளர் திரிபுனல் (நுகர்வோர் தீர்ப்பாயம்) இருக்கிறது, 5 வெள்ளி கட்டி மூன்று வருடத்துக்குள் போடவேண்டும், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நாங்களும் எங்கள் 3,800 வெள்ளிக்கு அங்கே போடப் போகிறோம்.

இதே ஆளிடம், இதே மாடிக் கடையில் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். துண்டுத் தாள் ரசீது, வாட்சாப் செய்தி எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். திங்கட்கிழமை காலையில் போலீஸ் ஸ்டேஷன் போகிறோம், கூட வர முடிந்தவர்கள் வாருங்கள்.